இணையமின்றி விக்கி தொகுக்க எந்தக் கட்டளைவரிக் கருவி?

பலர் சேர்ந்து எழுதும் எங்கள் விக்கித் தளத்தில், தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தைப் பற்றிய பக்கம் அது. எங்கள் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் அங்கே மூன்று நாள் தங்கி, லயன்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வாழும் மூத்தவர்களிடம் கேட்டறிந்தவற்றை மடிக்கணினியில் தட்டெழுதி வைத்திருந்தார். அதே மூன்று நாட்களில் கொழும்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாங்கள் எல்லோரும் 'சேர்' என்று அழைப்பவர், அதே பக்கத்தின் எழுத்துப்பிழைகளைத் திருத்தி, பழைய வாக்காளர் இடாப்பு ஒன்றிலிருந்து எட்டுக் குடும்பப் பெயர்களையும் சேர்த்திருந்தார். அக்கா திரும்பி வந்ததும் அவருடைய கோப்புகளை நான் ஒரே கட்டளையில் விக்கியில் ஏற்றினேன். 32 பக்கங்களும் தடையின்றி ஏறின. சேர் இரண்டு மாலை உட்கார்ந்து செய்த வேலை பக்கத்திலிருந்து காணாமற்போனது. கருவி எச்சரிக்கவில்லை, ஏனென்றால் இருப்பதன் மேல் எழுது என்றே நான் கட்டளை கொடுத்திருந்தேன்.

விக்கியின் வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்பு இருந்ததால் எல்லாவற்றையும் மீட்டுக்கொண்டோம். சேர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வெள்ளவத்தையில் கூடியபோது, இனி எந்தக் கருவி என்பதை ஆராய்ந்து முடிவு செய்யாமல் ஒரு பக்கத்தையும் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்தோம். அந்த ஆராய்ச்சியின் விளைவே இந்தக் கட்டுரை. எங்களைப் போன்ற சிறு தொண்டர் குழுக்கள் இதே இடத்தில் தடுமாறக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் விக்கி மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதுதான். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் திரட்டிவரும் நூலகம் தளமும் அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. எங்களுடையது அவற்றோடு ஒப்பிடவே முடியாத சிறிய தளம்: மலையகத் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் அங்குள்ள மக்களின் வாய்மொழி வரலாறும் கொண்ட ஏறத்தாழ 1,100 பக்கங்கள். தொகுப்பவர்கள் ஆறு பேர். அவர்களில் மூவருக்கு முனையத்தில் கட்டளை தட்டிப் பழக்கம் உண்டு. மற்ற மூவரும் உலாவியில் 'தொகு' பொத்தானை அழுத்துபவர்கள், அவர்கள் அப்படியே தொடர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சேரின் நினைவாற்றலுக்கும் உழைப்புக்கும் முன்னால் எந்தக் கருவியும் நிபந்தனை வைக்கக் கூடாது.

இணையமின்றித் தொகுக்கும் தேவை எங்களுக்கு இரண்டு திசையிலிருந்து வருகிறது. ஒன்று பயணம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் பக்கம் போகும் புகையிரதத்தில் பாதி நாள் கழிகிறது, மலை வளைவுகளில் கைப்பேசி அலை வந்து வந்து போகிறது. எழுதுவதற்கு அதைவிட அமைதியான நேரம் கிடைப்பது அரிது. மற்றது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும், ஆனால் வீட்டு இணைய ரவுட்டர் ஓடாது. உலாவியின் தொகுப்புப் பெட்டியில் ஒரு மணி நேரம் எழுதியதை இழந்தவர்களுக்கு அதன் வலி தெரியும்.

வெறுமனே வாசிப்பதற்கு மட்டும் விக்கி வேண்டுமென்றால் கிவிக்ஸ் என்ற செயலி போதும், இந்தக் கட்டுரை தேவையில்லை. எழுதி, திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்களுக்கே இது.

எதைக் கொண்டு ஒப்பிட்டோம்

பக்கங்களை இறக்கிக் கொள்வது எல்லாக் கருவிகளுக்கும் எளிது. ஒன்று வேகமாகச் செய்யும், ஒன்று மெதுவாகச் செய்யும், அவ்வளவே. வேறுபாடு தெரிவது திரும்பி வரும்போது. நான் எடுத்துச் சென்ற பக்கத்தை இதற்கிடையில் வேறொருவர் தொகுத்திருந்தால் கருவி என்ன செய்கிறது? இந்த ஒரு கேள்வியையே அளவுகோலாக வைத்தோம். ஒரு சோதனை விக்கியை நிறுவி, அக்காவுக்கும் சேருக்கும் நடந்ததை ஒவ்வொரு கருவியிலும் மீண்டும் நடத்திப் பார்த்தோம்.

இதன் உள்ளே நடப்பது என்ன என்று புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும். மீடியாவிக்கிக்கு ஒரு நிரல்வழி இடைமுகம் இருக்கிறது, எல்லாக் கருவிகளும் அதன் வழியாகத்தான் பேசுகின்றன. ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது, எந்தப் பதிப்பை அடிப்படையாக வைத்துத் தொகுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், பதிப்பு எண்ணாகவோ அதன் நேரமாகவோ. சொன்னால், அதற்குப் பிறகு வேறு தொகுப்பு நடந்திருக்கிறதா என்று வழங்கி (விக்கி இயங்கும் கணினி) பார்க்கிறது. இரண்டு மாற்றங்களும் வேறு வேறு வரிகளில் இருந்தால் தானே இணைத்துவிட முயல்கிறது. ஒரே வரியில் மோதினால் 'தொகுத்தல் முரண்பாடு' என்று மறுத்துவிடுகிறது. அடிப்படைப் பதிப்பைச் சொல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலெழுதிவிடுகிறது.

ஆகவே கேள்வி இன்னும் சுருங்குகிறது. மூன்று நாள் கழித்து நான் திரும்பி வரும்போது, எந்தப் பதிப்பிலிருந்து புறப்பட்டேன் என்பதைக் கருவி நினைவில் வைத்திருக்கிறதா?

பைவிக்கிபாட்

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இந்தத் தொகுதி 2003 முதல் வளர்ந்துவருகிறது. விக்கிமீடியா தளங்களில் தானியங்கி நிரல்களை ஓட்டுபவர்களில் பலர் கையில் இருப்பது இதுதான். இன்றும் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, ஆவணங்கள் தெளிவாக இருக்கின்றன, மீடியாவிக்கியின் புதிய வெளியீடுகளோடு உடனுக்குடன் ஒத்துப்போகிறது. எங்கள் விபத்து நடந்ததும் இதைக் கொண்டுதான். தவறு முழுவதும் என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரே கோப்பில் பல பக்கங்களை எழுதி வைத்து ஏற்றுவதற்குப் 'பேஜ்ஃப்ரம்ஃபைல்' என்ற நிரல் அதில் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடையாளக் குறி, தலைப்பு தடித்த எழுத்தில், அவ்வளவுதான் ஏற்பாடு. இயல்பாக விட்டால், விக்கியில் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தை அது தொடாது. 'ஃபோர்ஸ்' என்ற தெரிவைக் கொடுத்தால்தான் மேலெழுதும். நான் கொடுத்தேன். பழைய பக்கங்களில் செய்த மாற்றங்களைக் கொண்டுபோக அந்த நிரலில் எனக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது.

அந்தத் தெரிவு ஆபத்தானது என்று சொல்லி விட்டுவிடலாம், ஆனால் காரணம் ஆழமானது. பைவிக்கிபாட் முரண்பாட்டைக் கவனிக்காத கருவி அல்ல. ஒரு பக்கத்தைத் திறந்து, மாற்றி, சேமிக்கும்போது இடையில் வேறொருவர் தொகுத்திருந்தால் அது முரண்பாட்டுப் பிழையை எழுப்பும். ஆனால் அந்தக் கவனம் ஓர் ஓட்டத்துக்குள் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை இறக்கிய உரையை வெள்ளிக்கிழமை வேறோர் ஓட்டத்தில் ஏற்றும்போது, அதற்குத் தெரிந்த அடிப்படை வெள்ளிக்கிழமைப் பதிப்பு. செவ்வாயின் நினைவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. புதனன்று சேர் சேர்த்த எட்டுப் பெயர்களும் அதன் கண்ணுக்கு நாம் வேண்டுமென்றே நீக்கியவை.

அப்படியானால் இதை ஒதுக்கிவிட வேண்டுமா? இல்லை. இணைப்பு இருக்கும்போது, நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே மாற்றத்தைச் செய்ய இதற்கு இணை கிடையாது. ஒரு வார்ப்புருவின் (பல பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படும் அச்சின்) பெயரை மாற்றியபோது 300 பக்கங்களில் அதைத் திருத்த அதன் 'ரிப்ளேஸ்' நிரல்தான் உதவியது. ஒவ்வொரு சேமிப்புக்கும் இடையில் இயல்பாக 10 வினாடி பொறுக்கும், ஆகவே 300 பக்கத்துக்கு ஏறத்தாழ 50 நிமிடம். சொந்த வழங்கியில் இதைக் குறைத்துக்கொள்ளலாம், விக்கிப்பீடியாவில் குறைக்கக் கூடாது. 'சிமுலேட்' தெரிவைக் கொடுத்தால் எதையும் சேமிக்காமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். அதை முதலில் ஓட்டாமல் எந்தத் தொகுதி வேலையையும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம்டபிள்யூகிளையண்ட் என்ற சிறிய பைத்தான் நூலகமும் இருக்கிறது. எடை குறைவு, கற்க எளிது. ஆனால் அது நிரல் எழுதுபவருக்கான செங்கல், கட்டிய வீடு அல்ல. நினைவு பற்றிய அதே வரம்பு அதற்கும் உண்டு.

கிட்-மீடியாவிக்கி

பிரான்சின் கிரனோபிள் நகரத்தில் உள்ள என்சிமாக் பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது இது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டை அறிந்தவர்களுக்கு இதன் எண்ணம் உடனே பிடித்துவிடும்: விக்கியை ஒரு தொலைக் களஞ்சியமாகக் கருதுவது. 'கிட் குளோன்' கட்டளையில் முகவரிக்கு முன்னால் மீடியாவிக்கி என்று குறித்தால், ஒவ்வொரு பக்கமும் ஒரு கோப்பாக, ஒவ்வொரு பழைய தொகுப்பும் ஒரு கமிட்டாக (பதிவு செய்த மாற்றமாக) வந்து இறங்குகிறது. பிடித்த உரைத்தொகுப்பியில் எழுதுங்கள், கமிட் செய்யுங்கள், இணைப்பு கிடைத்ததும் புஷ் செய்யுங்கள், அதாவது விக்கிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு கமிட்டும் விக்கியில் ஒரு தொகுப்பாகவும், கமிட் செய்தி தொகுப்புச் சுருக்கமாகவும் பதிவாகும்.

எங்கள் சோதனையில் இது நடந்துகொண்ட விதம் மனத்துக்கு நிறைவாக இருந்தது. 'சேர்' ஆக நடித்தவர் விக்கியில் மாற்றிய பிறகு 'அக்கா' புஷ் செய்தார். மறுக்கப்பட்டது, ஒரு பக்கமும் ஏறவில்லை. புல் செய்து, அதாவது புதியவற்றை இறக்கி, ரீபேஸ் செய்யச் சொன்னது, அதாவது நம் மாற்றங்களை அவற்றின் மேல் மறுபடி அடுக்க. செய்தபோது, வேறு வேறு பத்திகளில் இருந்த மாற்றங்கள் தாமாக இணைந்தன. ஒரே பத்தியில் இருந்தது மட்டும் இருவர் எழுதியதையும் அருகருகே காட்டி எங்கள் முடிவுக்காக நின்றது. அடிப்படைப் பதிப்பின் நினைவு கிட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது, மூன்று நாளானாலும் மூன்று மாதமானாலும் அது அழியாது.

இத்தனை நல்லது சொன்னதால் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை சிறியவை அல்ல.

முதலாவது, நிறுவுவது. இது பேர்ல் மொழியில் எழுதப்பட்டது, மீடியாவிக்கி இடைமுகத்துக்கான பேர்ல் கூறு போன்ற சில துணைகள் தேவை. லினக்ஸில் அரை மணி நேரத்தில் முடிந்தது. விண்டோஸில் வேறு சிக்கல்: கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது என்பது அதன் விதி, ஆனால் 'பேச்சு:', 'பகுப்பு:' என்று பக்க வகையைக் காட்டும் விக்கியின் பெயர்வெளி முன்னொட்டுகள் எல்லாம் முக்காற்புள்ளியோடுதான் முடிகின்றன. விண்டோஸ் கணினிக்குள் லினக்ஸ் துணையமைப்பை நிறுவி, அதன் கோப்புமுறைமைக்குள் வேலை செய்வதே வழி.

இரண்டாவது, பெரிய விக்கிகளுக்கு இது உகந்ததல்ல. ஒவ்வொரு பக்கத்தின் முழு வரலாற்றையும் இறக்குவது நீண்ட வேலை. 1,50,000 கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாகக் குளோன் செய்ய நினைக்கவே கூடாது. அங்கே உங்களுக்குத் தேவையான பத்துப் பக்கங்களின் பெயர்களை, அல்லது ஒரு பகுப்பின் பெயரை அமைப்பில் குறித்து, 'ஷாலோ' தெரிவோடு கடைசிப் பதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் விக்கிக்கு வேறொரு தெரிவு பெரிதும் உதவியது. புல் செய்யும்போது இயல்பாக ஒவ்வொரு பக்கமாகப் போய், புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்கிறது, 1,100 பக்கத்துக்கு 1,100 கேள்வி. 'பை-ரெவ்' என்ற முறைக்கு மாற்றினால் கடைசியாக எடுத்த பதிப்பு எண்ணுக்குப் பின் வந்தவற்றை மட்டும் கேட்கும். பக்கங்கள் பல, புதிய தொகுப்புகள் சில என்ற நிலையில் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு, அதுவும் கைப்பேசித் தரவில் வேலை செய்பவர்களுக்கு, இது பெரிய ஆறுதல்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: நீக்குவதும் பெயர் மாற்றுவதும். மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தை நீக்க நிர்வாகி உரிமை வேண்டும். ஆகவே உள்ளூரில் ஒரு கோப்பை அழித்துப் புஷ் செய்தால், கருவி அந்தப் பக்கத்தை நீக்குவதில்லை. அதன் உரையை எடுத்துவிட்டு, நீக்கப்பட்டவை என்ற பொருள்படும் ஆங்கிலப் பகுப்பு ஒன்றை மட்டும் அங்கே எழுதிவைக்கிறது. பெயர் மாற்றமும் இப்படியே: பழைய பக்கம் வெறுமையாகும், புதிய பெயரில் வரலாறில்லாத புதுப்பக்கம் பிறக்கும். விக்கியின் 'நகர்த்து' செயல் தரும் வரலாற்றுத் தொடர்ச்சியும், பழைய பெயரிலிருந்து புதியதற்குக் கொண்டுசெல்லும் வழிமாற்றும் கிடைக்காது. யார் எந்த வாய்மொழித் தகவலைச் சேர்த்தார் என்பதே எங்களுக்கு ஆதாரம் என்பதால், உள்ளூரில் கோப்பின் பெயரை மாற்றவே கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். நகர்த்துவது உலாவியில் மட்டும்.

இன்னொன்று. அரைகுறையாக இருபது முறை கமிட் செய்துவிட்டுப் புஷ் செய்தால் விக்கியின் வரலாற்றிலும் இருபது வரி விழும். புஷ் செய்யுமுன் அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

தமிழ் எழுத்து கேட்கும் கவனம்

இந்தக் கருவிகளின் ஆவணங்களில் நான் காணாத சில செய்திகள் தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் முக்கியமானவை. எங்கள் நேரத்தில் பெரும் பகுதி இவற்றில்தான் போனது.

கிட்டை நிறுவியவுடன் நிலையைக் கேட்டால், தமிழ்க் கோப்புப் பெயர்களுக்குப் பதிலாக எண்கள் தெரியும். 'த' என்ற ஓர் எழுத்து 340, 256, 244 என்று மூன்று எண்ணாக, சாய்கோடுகளோடு வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். 'கோர்.குவோட்பாத்' என்ற அமைப்பைப் பொய் என்று மாற்றினால் பெயர்கள் தமிழிலேயே தெரியும். எங்கள் குழுவில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் கிட்டைத் தொடவே இல்லை, ஒரே வரியில் தீரும் சிக்கல் இது.

அடுத்து நீளம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. 'தலவாக்கலை' என்பது கால், புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனியாக எண்ணி 9 குறிகள், ஆகவே 27 பைட்டு. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட்டு. மீடியாவிக்கித் தலைப்புக்கும் அதே 255. ஆனால் கிட்-மீடியாவிக்கி தலைப்பின் முடிவில் மூன்று பைட்டு நீளமான பின்னொட்டைச் சேர்க்கிறது. விக்கியில் சரியாக இருக்கும் மிக நீண்ட தமிழ்த் தலைப்பு உங்கள் வட்டில் கோப்பாக இறங்க மறுக்கலாம். துணைப்பக்கங்களின் சாய்கோடும் மூன்று எழுத்துக் குறியாக மாற்றப்படுவதால் இன்னும் நீளும். தலைப்பை 75 குறிகளுக்குள் வைத்தால் தொல்லை இல்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மாற்றம். 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. மீடியாவிக்கி தனக்குள் வரும் உரையை என்.எஃப்.சி. என்ற ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். உங்கள் விசைப்பலகை பிரித்து எழுதும் வகையானால், ஏற்றியதும் திரும்ப இறக்கியதும் வேறு வேறாக இருக்கும், நீங்கள் தொடாத வரிகள் மாறியவையாகத் தோன்றும். கமிட்டுக்கு முன் கோப்புகளை அதே வடிவத்துக்கு மாற்றும் ஒரு சிறு பைத்தான் நிரலைக் கொக்கியாக, அதாவது தானே ஓடும்படி, மாட்டிவிட்டோம், இந்தப் பேய் மாற்றங்கள் நின்றன. 'ஔ' எழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் மட்டும் இந்த மாற்றம் உதவாது, யூனிகோட் பார்வையில் அவை வேறு எழுத்துகள். அதற்குக் கண்தான் வேண்டும். அந்த வேலையைச் சேர் பார்த்துக்கொள்கிறார்.

பத்தியின் நீளமும் கவனிக்க வேண்டியது. விக்கியில் ஒரு பத்தி என்பது பெரும்பாலும் ஒரே வரி. கிட் வரி வரியாக ஒப்பிடுவதால் ஒரு சொல் மாறினாலும் முழுப் பத்தியும் மாறியதாகக் காட்டும். ஒப்பீட்டைச் சொல்வாரியாகக் காட்டச் சொன்னால் இடைவெளியை வைத்துப் பிரிக்கிறது, தமிழுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. முரண்பாட்டைக் குறைக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதலாம். பத்திக்குள் ஒரு வரிமுறிவை விக்கி வெறும் இடைவெளியாகவே காட்டும். பட்டியல்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, அங்கே வரிமுறிவு பட்டியலை உடைத்துவிடும்.

மற்றவை

பேர்லில் எழுதிய எம்விஎஸ், பைத்தானில் எழுதிய எம்டபிள்யூ என்று இரண்டு பழைய கட்டளைகளைப் பற்றி இணையத்தில் இன்னும் பரிந்துரை காணலாம். அப்டேட், கமிட் என்று பழைய பதிப்பு மேலாண்மைக் கருவிகளின் நடையில் வேலை செய்பவை, கையாள எளிமையானவை. ஆனால் பராமரிப்பு நின்றுபோன கருவியிடம் மக்களின் நினைவுகளை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. விக்கியைக் கோப்புறையாகக் கணினியில் பொருத்தும் விக்கிப்பீடியாஎஃப்எஸ் இணைப்பு இருந்தால்தான் பயன்படும், எங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

சொந்தமாக ஒரு நிரல் எழுதலாம் என்ற எண்ணம் எனக்கு வலுவாக வந்தது. இறக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் பதிப்பு எண்ணையும் அருகில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பது, ஏற்றும்போது அதை அடிப்படை எண்ணாக அனுப்புவது, புதுப்பக்கம் தவறுதலாக உருவாகாமலிருக்க 'நோகிரியேட்' என்பதையும் சேர்ப்பது, முரண்பாடு என்று பதில் வந்தால் நிறுத்திவிடுவது. நூறு வரிக்குள் அடங்கும். எழுதியும் பார்த்தேன், சரியாகவே வேலை செய்தது. ஆனால் முரண்பட்ட பக்கத்தை இணைப்பதற்குத் திரும்பவும் கிட் போன்ற ஒன்றைத்தான் நாட வேண்டியிருந்தது. அதோடு, நான் இல்லாத நாளில் அதை யார் திருத்துவார் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. குழுவில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருந்தால் இது நல்ல வழி.

மென்பொருளையே மாற்றலாமா என்றும் பேசினோம். இன்னும் விக்கி தொடங்காதவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும், அவர்களுக்குச் சுமை குறைவு.

டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் தரவுத்தளம் இல்லாதது, பக்கங்கள் வெறும் உரைக் கோப்புகள். வழங்கியில் கட்டளைவரி அனுமதி இருந்தால் அதனுடன் வரும் 'டிடபிள்யூபேஜ்' கட்டளையால் ஒரு பக்கத்தைச் செக்கவுட் செய்து, திருத்தி, சுருக்கத்தோடு கமிட் செய்யலாம். செக்கவுட் செய்யும்போது பக்கத்துக்குப் பூட்டு விழுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பூட்டின் ஆயுள் இயல்பாக 15 நிமிடம். மூன்று நாள் பயணத்துக்கு அது எந்தப் பாதுகாப்பும் அல்ல. ஆர்சிங்க் கொண்டு கோப்புகளை நேரடியாக ஒத்திசைப்பது அதைவிட ஆபத்து, புதியது பழையதை மூடிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே இன்னொரு இடர்: இயல்பான அமைப்பில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துக் குறியாக்கப்பட்டே கோப்புப் பெயராகிறது. 'தலவாக்கலை' மட்டும் 81 இடத்தைப் பிடிக்கும். கோப்பின் பின்னொட்டையும் சேர்த்தால் 27 குறிக்கு மேல் ஒரு பெயர் நிற்காது. தமிழ் விக்கி தொடங்குபவர்கள் முதல் நாளே கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என மாற்றிவிட வேண்டும்.

கொல்லம் (Gollum) என்ற விக்கி மென்பொருளும் கிட்ஹப் தரும் விக்கிகளும் உள்ளுக்குள் உண்மையான கிட் களஞ்சியங்கள். இணையமின்றித் தொகுப்பதற்கு இதைவிடத் தூய வழி இல்லை, பெயர் மாற்றமும் நீக்கமும் இயல்பாகவே நடக்கின்றன. ஆறு பேருக்கும் முனையம் பழக்கமென்றால் தயங்காமல் இதையே தேர்ந்திருப்பேன். எங்கள் வார்ப்புருக்களையும் பகுப்புகளையும் விட்டுவிட்டு அங்கே போவது என்பது இத்தனை வருட உழைப்பின் பாதியை மறுபடி செய்வது.

ஃபாசில் என்ற கருவியைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படுவதில்லை, அது வருத்தத்துக்குரியது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் எழுதியது. நிறுவுவதற்கு ஒரே ஒரு நிரற்கோப்பு, களஞ்சியம் முழுவதும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. அதற்குள்ளேயே விக்கி இருக்கிறது, உலாவியிலும் தொகுக்கலாம், கட்டளைவரியில் எக்ஸ்போர்ட், கமிட் என்றும் செய்யலாம், இணைப்பு கிடைத்ததும் ஒத்திசைத்துக்கொள்ளும். முழு விக்கியையும் ஒரு யுஎஸ்பி குச்சியில் வைத்து மலையேறலாம். பக்கப் பெயருக்கு 100 பைட்டு எல்லை உண்டு. வார்ப்புருக்கள் கிடையாது, தோற்றம் எளிமையானது. புதிதாகத் தொடங்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் முதலில் காட்டுவது இதையே.

எங்கள் முடிவு

மீடியாவிக்கியிலேயே நீடிக்கிறோம். பயணம் போகிறவர்களுக்கும் மின்வெட்டில் எழுதுகிறவர்களுக்கும் கிட்-மீடியாவிக்கி. மொத்தமாகத் திருத்த வேண்டியவற்றுக்குப் பைவிக்கிபாட், இணைப்பு இருக்கும்போது மட்டும், 'ஃபோர்ஸ்' தெரிவு இல்லாமல். உலாவியில் எழுதுபவர்கள் அப்படியே.

கருவிகளுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்திருக்கிறோம். மீடியாவிக்கியின் 1.27 பதிப்பிலிருந்து தானியங்கிகளுக்கென்று உரிமை குறைந்த கடவுச்சொல்லை உருவாக்கும் வசதி இருக்கிறது. தொகுக்கவும் பக்கம் உருவாக்கவும் மட்டும் அனுமதி, நீக்க அனுமதி இல்லை. மடிக்கணினி பஸ்ஸில் தொலைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் இரத்துச் செய்தால் போதும். அதைக் கிட்டின் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதி வைக்காமல், கடவுச்சொற்களைக் காக்கும் கிட்டின் நற்சான்று உதவியிடம் கொடுத்திருக்கிறோம்.

நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளைக் கிட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஊடகக் கோப்புகளை இறக்கும் தெரிவு இருக்கிறது என்றாலும் கைப்பேசித் தரவு அதற்குப் போதாது. அவை வெளிவட்டில் இருக்கின்றன, கொட்டாஞ்சேனையில் ஒருவர் வீட்டில் ஒரு பிரதி, வெள்ளவத்தையில் ஒரு பிரதி.

சென்ற மாதம் அக்கா மறுபடியும் அதே தோட்டத்துக்குப் போய்வந்தார். புறப்படும் காலையில் கோட்டைப் புகையிரத நிலைய மேடையில் நின்றபடி புல் செய்தார், நான்கு நாள் கழித்து வீடு வந்ததும் புஷ் செய்தார். மறுக்கப்பட்டது. சேர் வழக்கம்போல இடையில் இரண்டு பெயர்களைத் திருத்தியிருந்தார். ரீபேஸ் செய்தபோது ஒரே ஒரு வாக்கியம் மோதியது: ஒரு மூதாட்டியின் ஊர்ப்பெயரை இருவரும் வெவ்வேறாக எழுதியிருந்தார்கள். அக்கா சேருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த அம்மா தன் வாயால் சொன்னது எது என்று இருவரும் பத்து நிமிடம் பேசி, ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு, பெயரை முடிவு செய்தார்கள். பிறகு புஷ் ஏறியது. வரலாற்றுப் பக்கத்தில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன.